எங்கள் வெக்கைக்கு ஏற்ற கிராபிக்ஸ் அட்டை எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் வீட்டின் ஓர் அறையில், கலியாண வீடுகளினதும் பூப்புனித நீராட்டு விழாக்களினதும் ஒளிப்பதிவுகளைத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலைப் பதினான்கு வருடங்களாகச் செய்து வருகிறேன். இந்தத் தொழிலுக்கு, திரையில் தெரியும் படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் கணினிப் பாகமான கிராபிக்ஸ் அட்டை இன்றியமையாதது என்பதால், அயலவர்களும் உறவினர்களும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கப் புறப்படுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த அட்டை வேகமானது? அந்த அட்டை எங்கள் வீட்டு வெக்கையில் எத்தனை பாகை வரை சூடேறும், இரவில் எவ்வளவு இரையும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் எண்ணிக் கொடுத்து வாங்கி, இரண்டு மாதம் கழிய, "அண்ணை, மா அரைக்கிற மில் மாதிரி இரையுது, என்ன செய்யலாம்?" என்று திரும்பி வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டியவற்றை உங்கள் பத்திரிகை வாயிலாக நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பரிசோதகர்கள் யூரியூப்பில் ஓர் அட்டையைச் சோதித்து, அது 68 பாகை செல்சியசில் அமைதியாக நிற்கிறது என்று காட்டும்போது, அவர்களுடைய அறை பெரும்பாலும் 21 முதல் 25 பாகைக்குள் இருக்கும். என் அறையில் ஓட்டுக்கூரைக்குக் கீழே சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி, சித்திரை வைகாசி மாதங்களில் பின்னேரம் நான்கு மணிக்கு 34 பாகை காட்டுகிறது. அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட வீடுகளில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். விசிறி ஒரே வேகத்தில் சுழலுமானால், ஓர் அட்டையின் வெப்பநிலை அறைக் காற்றின் வெப்பநிலையைவிட ஏறத்தாழ ஒரே அளவால்தான் உயர்ந்து நிற்கும். ஆகவே அறை 10 பாகை கூடுதலாக இருந்தால் அட்டையும் 10 பாகை கூடுதலாக இருக்கும். அங்கே 68 காட்டிய அட்டை இங்கே 78 காட்டும். ஆனால் விசிறி ஒரே வேகத்தில் நிற்பதில்லை. சூடு ஏறுவதைக் கண்டதும் அட்டையே விசிறியை முடுக்கிவிடுகிறது. அங்கே மெல்லச் சுழன்ற அதே விசிறி இங்கே வேகமாகச் சுழல்கிறது. அங்கே அமைதியான அட்டை இங்கே இரைகிறது. அட்டையிலே குற்றமில்லை. வேறொரு தேசத்து அறைக்கு அளந்த கணக்கை எங்கள் அறைக்குப் பொருத்தியதே பிழை.

வேகமும் இதனோடு சேர்ந்தே குறைகிறது. என்விடியா நிறுவனத்தின் அண்மைக்கால அட்டைகள் சூடு கூடக்கூடத் தங்கள் மீடிறனை, அதாவது அட்டையின் மூளையான சில்லு ஒரு செக்கனில் துடிக்கும் எண்ணிக்கையை, சுமார் 15 மெகாஹேர்ட்ஸ் கொண்ட சிறு படிகளாகத் தாமாகவே இறக்கிக்கொள்ளும். அவற்றில் பல 83 பாகையைத் தாண்டாமல் நிற்கவே முயலும். சில்லின் உச்ச வெப்பநிலை அதற்கும் மேலே இருக்கிறது; ஆர்ரிஎக்ஸ் 3060 என்ற அட்டைக்கு அது 93 பாகை என்று என்விடியா குறிப்பிடுகிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அட்டைகளில் சில்லின் மிகச் சூடான புள்ளியை, அதாவது ஹொட்ஸ்பொட்டை, 110 பாகை வரை அனுமதிக்கிறார்கள். எனவே 80 பாகையைக் கண்டு உடனே பயப்பட வேண்டியதில்லை; சில்லு எரிந்து போகாது. பயப்பட வேண்டியது இரைச்சலுக்கும், விசிறியின் தாங்கிகள் விரைவில் தேய்வதற்கும், காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராமல் போவதற்குமே.

இரைச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கடைகளில் எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் ஒலி அந்த விகிதத்தில் குறையாது, அதைவிட மிக விரைவாகக் குறைந்து, ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கிவிடும். பத்து டெசிபெல் இறங்கினாலே மனிதக் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். பெரிய விசிறியை மெல்லச் சுற்றினால் சிறிய விசிறியை வேகமாகச் சுற்றியதற்குச் சமமான காற்றை அதைவிடக் குறைந்த சத்தத்தில் பெறலாம் என்பதும் இதனால்தான். பகலில் வீதியில் ஓட்டோவும் லொறியும் போகும்போது இந்த வித்தியாசம் தெரியாது. இரவு பத்து மணிக்குப் பின் எங்கள் ஒழுங்கை அடங்கிவிட்ட நேரத்தில், பக்கத்து அறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து, "அப்பா, இதை நிற்பாட்டி வைக்க ஏலாதா?" என்று கேட்ட அன்றுதான் நான் இந்த விடயத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவான முதல் உண்மை, குளிரான அட்டை வேண்டுமென்றால் முதலில் வாற்றுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதாகும். அட்டை இழுக்கும் மின்வலு முழுவதும் கடைசியில் வெப்பமாகவே உங்கள் அறைக்குள் வந்து சேர்கிறது. 2020 இல் வந்த ஆர்ரிஎக்ஸ் 3080 க்கு 320 வாற்று வேண்டும். 2023 இல் வந்த ஆர்ரிஎக்ஸ் 4070 ஏறத்தாழ அதே வேலையை 200 வாற்றில் செய்கிறது. இரண்டுக்கும் இடையிலான 120 வாற்று, குளிரூட்டி இல்லாத ஓர் அறையில் அட்டையை மட்டுமன்றி ஆளையும் சேர்த்து வியர்க்க வைக்கப் போதுமானது. நாளுக்கு ஆறு மணித்தியாலம் முழுச் சுமையில் வேலை செய்பவருக்கு மாதத்தில் 21 அலகுக்கு மேல் கூடும். மின்கட்டணம் அலகு ஏற ஏறப் படிப்படியாக உயரும் எங்கள் நாட்டில், அந்த 21 அலகும் உங்கள் பற்றுச்சீட்டின் மிக விலை கூடிய படியிலேதான் போய் விழும். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஓர் அலகின் பெறுமதியை எங்கள் பெற்றோருக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை; அட்டையின் விவரக்குறிப்பில் அதைத் தேடிப் பார்க்கத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கணினிக்கு என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எல்லை 130 வாற்று அளவு. ஆர்ரிஎக்ஸ் 4060 க்கு 115 வாற்றும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 க்கு 132 வாற்றும் வேண்டும். 6 ஜிகாபைற் நினைவகம் கொண்ட ஆர்ரிஎக்ஸ் 3050 வெறும் 70 வாற்றில் இயங்குவதால், தாய்ப்பலகையின் துளை தரக்கூடிய 75 வாற்றே அதற்குப் போதும். தனி மின்கம்பி வேண்டியதில்லை. இதற்கு மாறாக, இன்றும் குறைந்த விலைக்குக் கைக்குக் கை மாறும் பழைய ஆர்எக்ஸ் 580, 185 வாற்றை இழுத்துக்கொண்டு இவை தருவதைவிடக் குறைவான வேகத்தையே தருகிறது. விலையில் மிச்சம் பிடித்ததைப் பின்னர் மின்கட்டணமாகவும் இரைச்சலாகவும் கட்டுகிறோம். என்னுடைய தொழிலுக்கு 12 ஜிகாபைற் நினைவகம் தேவைப்பட்டதால் நான் 170 வாற்று ஆர்ரிஎக்ஸ் 3060 ஐ வாங்கினேன். அதை எப்படி அடக்கினேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சில்லு ஒன்றானாலும் அட்டைகள் ஒன்றல்ல. என்விடியாவும் ஏஎம்டியும் சில்லைச் செய்து கொடுக்க, எம்எஸ்ஐ, ஏசுஸ், ஜிகாபைற், சஃபயர், சொட்டாக், பாலிட் போன்ற நிறுவனங்கள் அதற்குத் சூட்டை இழுத்து வெளியேற்றும் தத்தமது தகட்டு அடுக்கையும் விசிறிகளையும் பொருத்தி விற்கின்றன. ஒரே 4060 சில்லு, உள்ளங்கையளவு தகட்டு அடுக்கோடும் ஒற்றை விசிறியோடும் வருகிறது. மூன்று விசிறிகளும் தடித்த வெப்பக்குழாய்களும் கொண்ட ஏறத்தாழ ஓர் அடி நீள உருவத்திலும் வருகிறது. வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான். எங்கள் வெக்கையில் அந்த ஆயிரங்களைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 115 வாற்றுச் சில்லின் மேல் 200 வாற்றைத் தாங்கக்கூடிய தகட்டு அடுக்கு இருக்குமானால், விசிறிகள் சோம்பலாகச் சுழன்றாலே போதும். வாங்குமுன் கணினியின் வெளிப்பெட்டியான கேசிங்கின் உள்ளே எத்தனை மில்லிமீற்றர் இடம் இருக்கிறது என்று அளந்துகொண்டு போக வேண்டும். அளக்காமல் வாங்கி, கேசிங்கின் தட்டை அறுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் மட்டும் உருளை விசிறி வைத்துப் பின்னால் காற்றைத் தள்ளும் புளோவர் வகை அட்டைகள் நெருக்கமான கேசிங்குகளுக்கு ஏற்றவை என்றாலும் இரைச்சல் மிக்கவை. பாலிட் நிறுவனத்தின் கால்ம்எக்ஸ் போன்ற விசிறியே இல்லாத அட்டைகளும் உண்டு. 25 பாகை அறையில் அவை அற்புதமானவை, 34 பாகை அறையில் கேசிங்கின் விசிறிகள் நன்றாகக் காற்றைத் தள்ளினாலன்றி அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இக்கால அட்டைகள் பல, சுமை இல்லாத வேளையில் விசிறியை முற்றாக நிறுத்திவிடும். ஏறத்தாழ 50 முதல் 60 பாகைக்குள் வந்ததும் மீண்டும் சுழற்றும். குளிர் நாட்டில் இது பெரிய வரம். எங்கள் அறைகளிலோ சும்மா இருக்கும்போதே அட்டை 48, 50 என்று அந்த எல்லையின் வாசலில் நிற்பதால், விசிறி நின்று, சுழன்று, மீண்டும் நின்று, நிமிடத்துக்கு இரண்டு தடவை "உர்" என்று எழும்பும். தொடர்ந்த மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும். விட்டுவிட்டு எழும் சத்தத்தை மறக்காது. ஆகவே அந்த வசதியை நிறுத்திவிட்டு, விசிறியை எப்போதும் 30 சதவீத வேகத்தில் சுழல விடுவதுதான் யாழ்ப்பாணத்தில் உண்மையான அமைதியைத் தரும். இது என் அனுபவம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில், எந்த நிறுவனத்தின் அட்டைக்கும் விசிறியின் வேகக் கோட்டை நாமே வரைந்துகொள்ளலாம்.

பாவித்த அட்டைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எதிரியம் என்ற எண்மிய நாணயத்தைக் கிராபிக்ஸ் அட்டைகளைக் கொண்டு "தோண்டும்" முறை 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதியோடு முடிவுக்கு வந்தது. அதற்கென்று இரவு பகலாக ஓடிய அட்டைகள் உலகெங்கும் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விசிறித் தாங்கிகளும், நினைவகத்துக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள, சூட்டைக் கடத்தும் தேர்மல் பாட்களும்தான் தளர்ந்து போயிருக்கும். என் மைத்துனர் ஒருவர் நகரில் ஒரு கடையில் "சொற்பம் பாவிச்சது" என்ற வாக்கை நம்பி அப்படி ஓர் அட்டையை வாங்கி, ஒரு மாதத்துக்குள் இரண்டு விசிறிகளையும் மாற்ற நேர்ந்தது. பாவித்த அட்டையை வாங்குபவர் கடையிலேயே அரை மணித்தியாலம் அதைச் சுமையில் ஓடவிட்டு, ஜிபியு-ஸெட் அல்லது எச்டபிள்யூஇன்போ மென்பொருளில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: சில்லின் வெப்பநிலை, ஹொட்ஸ்பொட் வெப்பநிலை, அட்டை காட்டுமானால் நினைவக வெப்பநிலை. ஹொட்ஸ்பொட் சில்லைவிட 10 முதல் 20 பாகை வரை உயர்ந்திருப்பது இயல்பு. 30 பாகை இடைவெளி தெரிந்தால் சில்லின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பசையான தேர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது தகடு சரியாக அமரவில்லை என்று பொருள். அரை மணித்தியாலம் ஓடவிட ஒப்புக்கொள்ளாத கடையில் பாவித்த பொருளை வாங்க வேண்டாம்.

அட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குக் காற்று வேண்டும். எங்கள் வீடுகளில் கணினி மேசையின் கதவு வைத்த அறைக்குள் கேசிங்கைத் தள்ளி வைப்பதும், தூசிக்காக பிளாஸ்ரிக் உறை போட்டபடியே இயக்குவதும் மிகச் சாதாரணம். அழகுக்காக முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்த கேசிங்குகளும் அதே குற்றத்தையே செய்கின்றன. முன்பக்கம் வலை உள்ளதாக, முன்னால் இரண்டு விசிறி காற்றை இழுத்து, பின்னால் ஒன்று வெளியே தள்ளும்படி அமைந்த ஒரு சாதாரண கேசிங் போதும். வலிகாமத்துச் செம்மண் தூசி, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் எவ்வளவு நுண்ணியதாக வீட்டுக்குள் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதத்தில் அது தகடுகளுக்கிடையே கம்பளி போலப் படிந்துவிடும். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. சோளகம் ஓய்ந்ததும் ஒரு தடவை, வருடப் பிறப்புக்கு முன் ஒரு தடவை என்று மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் புளோவரால் ஊத வேண்டும். ஊதும்போது அட்டையின் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் தாங்கி கெடும், விசிறி தானே மின்பிறப்பாக்கியாகி அட்டையையும் தாக்கக்கூடும். கேசிங்கின் பக்கத் தட்டைக் கழற்றி வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுவது நம்மவர்களின் வழக்கமான வைத்தியம். அன்றைய பொழுதுக்குச் சூடு குறையும், ஆறு மாதத்துத் தூசி இரண்டு மாதத்தில் உள்ளே வந்துவிடும்.

பவர் சப்ளையிலும் கை வைக்கக்கூடாது, அதாவது அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது. 3060 க்கும் 4060 க்கும் என்விடியா சொல்வது 550 வாற்றுப் பவர் சப்ளை. கேசிங்கோடு இலவசமாக வரும் பெயரில்லாப் பெட்டிகளில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. 650 விஏ என்று எழுதிய சிறிய யூபிஎஸ் உண்மையில் 400 வாற்றுக்கும் குறைவாகவே தாங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் போன கணத்தில் அட்டை முழுச் சுமையில் இருந்தால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து விழுந்துவிடக்கூடும்.

இனி, அட்டையின் மீடிறனை நிறுவனம் வைத்த அளவுக்கு மேலே உயர்த்தும் ஓவர்கிளொக்கிங் பற்றி. இளைஞர்கள் மிகவும் விரும்பிக் கேட்பது இதைத்தான். ஆனால் எங்கள் ஊரில் முதலில் செய்ய வேண்டியது அதன் மறுபக்கமான, வோல்ற்றளவைக் குறைக்கும் அண்டர்வோல்ற்றிங் என்பதே இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு முக்கிய காரணம். சில்லு இழுக்கும் வலு அதன் மீடிறனுக்கு நேர்விகித சமமானது. வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமமானது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எந்த மாணவருக்கும் இதன் பொருள் உடனே விளங்கும். 1.05 வோல்ற்றை 0.95 ஆகக் குறைத்தால், மீடிறனைத் தொடாமலே அந்த வலுவில் ஏறத்தாழ 18 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு சில்லும் சிறிது வேறுபடுவதால், மிக மோசமான சில்லும் இயங்க வேண்டும் என்று நிறுவனங்கள் வோல்ற்றளவைத் தாராளமாகவே வைத்து அனுப்புகின்றன. அந்தத் தாராளத்தைத்தான் நாம் திருப்பி எடுக்கிறோம்.

என் 3060 இல் ஆஃப்டர்பேர்னரின் வோல்ற்றளவு-மீடிறன் வளைகோட்டைத் திறந்து, 0.9 வோல்ற்றில் 1850 மெகாஹேர்ட்ஸ் என்ற புள்ளியை உயர்த்தி, அதற்கு வலப்பக்கமுள்ள கோட்டைத் தட்டையாக்கினேன். 170 வாற்றை எட்டி நின்ற அட்டை 135 வாற்றுக்கு இறங்கியது. பின்னேர வெக்கையில் 78 பாகை காட்டியது 68 ஆனது. விசிறி நிமிடத்துக்கு 1900 சுற்றிலிருந்து 1400 க்கு வந்தது. மேலே சொன்ன விதிப்படி அது ஆறு டெசிபெலுக்கு மேற்பட்ட இறக்கம். 48 நிமிடம் எடுத்த ஒரு கலியாணத் தொகுப்பு 49 நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் ஒருபோதும் வருந்தியதில்லை. மகளும் அதன் பின் எழுந்து வரவில்லை. வளைகோட்டைத் தொடத் தயங்குபவர்கள் அதே மென்பொருளில் வலு எல்லையை 80 சதவீதமாக இழுத்துவிட்டாலே பெரும்பகுதி பலனைப் பெறலாம். 170 இன் 80 சதவீதம் 136 வாற்று. இதில் அட்டைக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இவ்வளவும் செய்து, பின்னேரத்திலும் அட்டை 70 பாகைக்குக் கீழே நிற்கிறது என்று கண்ட பின்னரே ஓவர்கிளொக்கிங்கைப் பற்றி யோசிக்கலாம். முதலில், மாற்றம் எதுவும் இல்லாத நிலையில் யுனிஜின் ஹெவன் அல்லது சுப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுச் சோதனைப் புள்ளியையும் வெப்பநிலையையும் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பின்னர் சில்லின் மீடிறனை 15 அல்லது 30 மெகாஹேர்ட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் சோதிக்க வேண்டும். திரையில் மினுங்கும் புள்ளிகளோ நிறம் மாறிய சதுரங்களோ தோன்றினாலும், திரை ஒரு கணம் கறுத்து மீண்டாலும், எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அட்டை இரண்டு செக்கன் பதிலளிக்காமல் நின்றால் விண்டோஸ் அதன் இயக்கி மென்பொருளை மீளத் தொடக்குவதாலேயே அந்தக் கறுப்பு வருகிறது. அங்கிருந்து 30 மெகாஹேர்ட்ஸ் ஆவது பின்வாங்க வேண்டும். சில்லும் நினைவகமும் ஒரே நேரத்தில் உயர்த்தப்பட்டால் எது தவறியது என்று தெரியாது; ஒன்று முடிந்த பின்னரே மற்றது. நினைவகத்தில் இன்னுமொரு பொறி இருக்கிறது. புதிய நினைவகங்கள் பல, தவறாகப் போன தரவைத் தாமே கண்டுபிடித்து மீண்டும் அனுப்புகின்றன. அதனால் திரையில் எந்தக் குறையும் தெரியாமல் வேகம் மட்டும் குறையத் தொடங்கும். எண்ணை உயர்த்தியும் சோதனைப் புள்ளி குறைந்தால், அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று திரும்ப வேண்டும்.

அந்த மென்பொருளில் வோல்ற்றளவு என்ற பட்டையை மட்டும் தொடவே வேண்டாம். மீடிறனை 5 சதவீதமும் வோல்ற்றளவை 5 சதவீதமும் உயர்த்தினால், முன்சொன்ன கணக்கின்படி வலு ஏறத்தாழ 16 சதவீதம் உயரும். கிடைக்கும் வேகம் ஐந்து சதவீதத்தையும் எட்டாது. குளிர் தேசத்தவர்கள் அந்தப் பேரத்தைச் செய்யலாம். அவர்களுக்கு வெளியே கொட்டக் குளிர்காற்று இருக்கிறது.

அடுத்ததாக நான் சொல்வது எந்த வெளிநாட்டுக் காணொளியிலும் நான் காணாதது. மார்கழியில் வாடைக்காற்று வீசும் இரவில் செய்த ஓவர்கிளொக்கை நம்பக்கூடாது. 26 பாகை அறையில் இரவு முழுக்கத் தடுமாறாமல் ஓடிய மீடிறன், சித்திரையில் பின்னேரம் மூன்று மணிக்குத் தடுமாறும், ஏனெனில் சில்லு சூடாக இருக்கும்போது அதே மீடிறனுக்குக் கூடுதல் வோல்ற்றளவு தேவைப்படுகிறது. நான் அதை மிகக் கசப்பாகப் படித்தேன். ஒரு தை மாதத்தில் சோதித்துத் தேறிய மீடிறனை மாற்றாமல் விட்டு, சித்திரையில் ஒரு கலியாணத் தொகுப்பை முடித்துக் கொடுத்தேன். தாலி கட்டும் கணத்தில், கெட்டிமேளம் ஒலிக்கும்போது, திரையின் மூலையில் பச்சைச் சதுரம் ஒன்று ஒரு கணம் தோன்றி மறைந்திருந்தது. நான் கவனிக்கவில்லை, கனடாவிலிருந்து பார்த்த மணமகளின் பாட்டியார் கவனித்திருக்கிறார். மூலப் பதிவு நன்றாக இருந்ததால் மீண்டும் தொகுத்து, வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தேன். விளையாட்டில் ஒரு கணம் தோன்றி மறையும் சதுரம் பெரிதல்ல. பிறருடைய வாழ்நாள் நிகழ்வைக் கையில் வைத்திருப்பவர் அந்த ஐந்து சதவீத வேகத்துக்காக அதைப் பணயம் வைக்கக்கூடாது என்று அன்றே முடிவெடுத்து, தொழிற்கணினியில் ஓவர்கிளொக்கை நிறுத்திவிட்டேன். விளையாட விரும்புபவர்கள் செய்யட்டும். ஆனால் சோதனையை வெக்கையான நாளின் பின்னேரத்தில், அறைக் கதவைச் சாத்தி, மேல் விசிறியை நிறுத்திச் செய்யட்டும். கணினி தொடங்கும்போதே அந்த அமைப்பும் தொடங்கும்படி விடுவதை ஒரு கிழமையாவது கழித்தே செய்யட்டும்.

மடிக்கணினிகளில் இதைச் செய்ய வேண்டாம். அவற்றின் தகட்டு அடுக்கில் எங்கள் வெக்கைக்கே இடமில்லை. அட்டைக்குள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸை மாற்றி எழுதுவதும் வேண்டாம். இடையில் மின்சாரம் போனால் அட்டை போய்விடும், உத்தரவாதமும் அதோடு போகும்.

நகரத்துக் கணினிக் கடை உரிமையாளர்களிடம் உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். விற்பனைப் பலகையில் அட்டையின் பெயருக்கும் விலைக்கும் பக்கத்தில் அதன் வாற்று அளவையும், மில்லிமீற்றரில் நீளத்தையும், விசிறி பழுதுபட்டால் உத்தரவாதம் அதையும் உள்ளடக்குமா என்பதையும் எழுதி வையுங்கள். வாற்றும் நீளமும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஏற்கெனவே இருப்பவையே. கடையின் குளிரூட்டிய முன்பகுதியில் ஓடும் காட்சிக் கணினியை ஒரு நாளாவது பின் அறையில், கதவைச் சாத்தி ஓடவிட்டு, அப்போது கிடைக்கும் வெப்பநிலையை அதன் மேல் ஒட்டி வைத்தால் வாங்குபவர் உங்களை இன்னும் கூடுதலாக நம்புவார். என்னிடம் வெப்பமானியும் சுவர் மின்துளையில் செருகி வாற்று அளக்கும் கருவியும் இருக்கின்றன; ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கடைக்கும் கட்டணமின்றி வந்து அளந்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியைத் தங்களுக்கான தனித் தாளில் இணைத்துள்ளேன்.

நன்றி.

இவ்வண்ணம்,
ஒளிப்பதிவுத் தொகுப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.